இலை உதிர்ந்த பிறகு பூக்கும் ஊர்

மாசி மாதக் கடைசியில் பாதிரி மரத்தைப் பார்ப்பவர்கள் அது பட்டுப்போய்விட்டது என்றே முடிவுகட்டுவார்கள். இலையெல்லாம் கொட்டியிருக்கும். போன வருஷத்துக் காய்கள் நீளநீளமாக வெடித்துத் தொங்க, அவற்றிலிருந்து சிறகு வைத்த விதைகள் காற்றோடு கிளம்பும். வெயில் ஏற ஏற அந்த மொட்டைக் கிளைகளிலேயே பூ வரும். குழல் வடிவம், கொஞ்சம் வளைந்த கழுத்து, மேலே மெல்லிய மயிர், தூரத்திலேயே தெரிகிற மணம். ஊரே நிழல் தேடும் நாட்களில் நிழல் தர ஓர் இலையும் இல்லாமல் பூத்துக் கொட்டுகிற இந்த மரத்தின் பெயரைத்தான் கடலூரின் பழைய பகுதி சுமந்துகொண்டிருக்கிறது: திருப்பாதிரிப்புலியூர்.

பாடலீசுவரர் கோயிலின் தலமரம் பாதிரி. அம்மன் இந்த மரத்தடியில் தவமிருந்ததாகத் தலபுராணம். சாபத்தால் முயலாகிவிட்ட முனிவர் ஒருவர் இங்கே விடுதலை பெற்ற கதையும் உண்டு. கதை பிற்காலத்துப் புராணிகர்கள் கட்டியதல்ல, மிகப் பழையது. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் இந்த ஊரைப் பாடும்போதே கால் முடங்கிய முயலைப் பற்றிச் சொல்லிவிடுகிறார். ஆனால் பாதிரி தமிழுக்குள் வந்தது கோயில் வழியாக அல்ல. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சங்கப் புலவர்கள் அதைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள், அதுவும் அது மொட்டையாக நிற்கிற வேளையில்.

பெரும்பாணாற்றுப்படையின் தொடக்கத்தைப் படித்தால் இது தெரியும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பாட்டு அது. முதல் சில அடிகளுக்குள்ளேயே வேனில் வெயிலும், பச்சை இலைகளைத் துறந்த பருத்த அடிமரத்துப் பாதிரியும் வந்துவிடுகின்றன. அந்தப் பூவை நடுவில் பிளந்தால் உள்ளே தெரிகிற நிறத்தை யாழின் மேல் போர்த்திய தோலுக்கு ஒப்பிடுகிறார் புலவர். பூவைப் பிளந்து பார்த்தவருக்குத்தான் இந்த உவமை தோன்றும். இதைச் சொல்வது வறுமையில் காய்ந்துபோன ஒரு பாணனை நோக்கி என்பதையும் கவனிக்க வேண்டும். இலையில்லாத மரத்தில் பூ இருப்பதைப் போல அவன் கையில் யாழ் மட்டும் மிச்சம் இருக்கிறது. ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையின் எலும்புக்கூடே இதுதான்: வாடி நிற்பவனை, தழைத்துத் திரும்பியவன் வழிகாட்டி அனுப்புவது.

ஆங்கிலக் கவிதை படித்தவர்களுக்கு இயற்கையின் தேய்வு என்றதும் இலையுதிர்காலம் நினைவுக்கு வரும். கீட்ஸ் அந்தப் பருவத்தைப் பாடியது 1819இல். அதே ஆண்டு ஷெல்லி இத்தாலியில் உட்கார்ந்துகொண்டு மேல்காற்று விரட்டுகிற சருகுகளைப் பாடினார். இருவருக்கும் இலை உதிர்வது ஆண்டின் முடிவு. முன்னால் குளிர்காலம் காத்திருக்கிறது, துளிர் அதற்கு அப்பால் எங்கோ இருக்கிறது. தேய்வுக்கும் தளிர்ப்புக்கும் நடுவே பனி மூடிய நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில்தான் அவர்களுடைய துயரமும் நம்பிக்கையும் குடியிருக்கின்றன.

கடலூரின் கெடில ஆற்றங்கரையில் அந்த இடைவெளி கிடையாது. இங்கே பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். மார்கழி, தையில் ஈரம் இருக்கும், பனி இறங்கும். மாசியில் இலை கொட்டும். சருகு மக்குவதற்கு முன்பே மேலே பூவோ துளிரோ வந்துவிடும். தமிழ் இலக்கணம் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பிரித்தபோது இலை உதிர்வதற்கென்று தனியாக ஒரு பருவம் வைக்காததில் வியப்பில்லை. பிரிவைப் பாடும் பாலைத் திணைக்குத் தொல்காப்பியம் வேனிலை ஒதுக்கி, பின்பனியும் பொருந்தும் என்கிறது. அதாவது இலை கொட்டுகிற காலமும் பூ வெடிக்கிற காலமும் ஒரே திணைக்குள் அடைபட்டுவிட்டன. இளங்கோவடிகள் இன்னும் ஒரு படி போகிறார். பாலை என்று தனி நிலமே இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் அந்த வடிவம் எடுக்கின்றன என்பது சிலப்பதிகாரத்தின் கணக்கு. மழை பெய்தால் பாலை மறுபடி முல்லையாகிவிடும் என்பதை அவர் சொல்லத் தேவையில்லை; படிப்பவனுக்குத் தெரியும்.

பாலை பாடிய பெருங்கடுங்கோ என்ற சேர அரசர் பெயரிலேயே தம் சிறப்பை வைத்துக்கொண்டவர். நற்றிணையில் 118ஆம் பாட்டு அவருடையது. பொருள் தேடப் போனவன் திரும்பவில்லை; இளவேனில் வந்துவிட்டது, குயில் கூவுகிறது. பாதிரி பூத்துவிட்டது. ஓவியர்கள் அரக்குச் சாயத்தில் தோய்த்தெடுத்த தூரிகை மாதிரி அதன் நுனி இருக்கிறதாம். அந்தப் பூக்களைத் தட்டில் ஏந்தி, வண்டுகள் மொய்க்க, தெருத்தெருவாகக் கூவி விற்றுக்கொண்டு ஒருத்தி போகிறாள். அவளுக்கு இந்த வீட்டுத் துன்பம் தெரியாது. யாரோ ஒரு பூக்காரி. தலைவியோ, வராத கணவனை நினைத்து நோவதாகச் சொல்லாமல், அந்த அயலாளைப் பார்த்து என் நெஞ்சு நோகிறது என்கிறாள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தெருவில் ஒரு வியாபாரக் குரலை வைத்து இவ்வளவு நுட்பமாகத் துக்கத்தைச் சொன்ன பாட்டுக்கு உரைநூல்களுக்கு வெளியே போதிய பேர் கிடைக்காதது வருத்தம்தான்.

குறுந்தொகையில் 147ஆம் பாட்டு கோப்பெருஞ்சோழன் பாடியது. பிரிந்திருக்கும் தலைவன் கனவில் தலைவியைக் கண்டு, விழித்து, கனவிடம் பேசுகிறான். அவள் மேனியின் மெல்லிய மயிருக்கு வேனில் பாதிரியின் வளைந்த பூ உவமை. இந்தச் சோழன்தான் பின்னாளில் பிள்ளைகளோடு பகைத்து, வடக்கிருந்து உயிர்விட்டவன். முன்பின் பார்க்காத பிசிராந்தையார் தேடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து செத்துப்போனார். அந்த முடிவு தெரிந்த பிறகு வேனில் பூவைப் பற்றிய அந்தச் சின்னப் பாட்டைச் சாதாரணக் காதல் பாட்டாகப் படிக்க முடிவதில்லை.

பாதிரிக்கு வடக்கிலும் மரியாதை உண்டு. வடமொழியில் பாடலி. கங்கைக் கரைப் பாடலிபுத்திரம் பெயர் பெற்றது இதனால்தான் என்பார்கள். பௌத்த மரபில் கௌதமருக்கு முந்தைய புத்தர்களில் ஒருவரான விபஸ்ஸி ஞானம் பெற்ற மரமும் பாடலி. தென்பாடலிபுரமாக இருந்தது நம்முடைய திருப்பாதிரிப்புலியூர். சமணர்களின் பெரிய கல்விக்கூடம் ஒன்று இங்கே நடந்தது. அந்தக் கூடத்தைப் பற்றி நம்மிடம் இருக்கும் மிகத் தெளிவான சான்று ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கம். 'லோகவிபாகம்' என்ற உலகவியல் நூலைச் சர்வநந்தி என்ற முனிவர் பாணராட்டிரத்துப் பாடலிகை என்ற ஊரில், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சகம் 380இல் எழுதி முடித்தார் என்று அங்கே குறித்திருக்கிறது. கி.பி. 458. பல்லவர் காலத்தைக் கணக்கிட வரலாற்றாசிரியர்கள் பிடித்துக்கொண்ட முக்கியமான கம்பு இது.

சர்வநந்தி பிராகிருதத்தில் எழுதிய மூலம் இன்று இல்லை. சிம்மசூரி என்பவர் பின்னாளில் வடமொழியில் செய்த வடிவம்தான் கிடைக்கிறது. அதில் மூலநூலாசிரியரின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் அவர் விடாமல் எழுதிவைத்ததால் நமக்கு இத்தனையும் தெரிகிறது. சமண உலகவியலின் கணக்கில் காலம் ஒரு பெரிய சக்கரம். பாதிச் சுற்று இறக்கம், அதற்கு அவசர்ப்பிணி என்று பெயர்; பாதிச் சுற்று ஏற்றம், அது உற்சர்ப்பிணி. இறங்குகிற காலத்தில் கேட்டதையெல்லாம் கொடுத்த கற்பக மரங்கள் மெல்ல வலுவிழந்து மறையும். மனிதரின் ஆயுளும் உயரமும் குறையும். பிறகு சக்கரம் திரும்பும். மொட்டையாகிப் பூக்கும் மரத்தின் பெயர்கொண்ட ஊரில் இருந்து இதைப் படித்தவர்களும் எழுதியவர்களும் அந்த மரத்தைப் பார்த்தபடிதான் எழுதினார்கள் என்று சொல்லிவிட ஆசை வருகிறது. அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. ஆசையோடு விட்டுவிடலாம்.

அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து இதே கூடத்தில் தருமசேனர் என்ற பெயரில் ஆசிரியராக இருந்தவர் திருவாமூர் மருணீக்கியார். சூலைநோய் வந்து, அக்காள் திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்குப் போய், சைவராகி, திருநாவுக்கரசரானார். பல்லவ மன்னன் அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டதும், அந்தக் கல்லே தெப்பமாகி அவர் கரையேறியதும் பெரியபுராணத்தில் விரிவாக இருக்கிறது. அவர் கரையேறிய இடமாகச் சொல்லப்படுவது இந்த ஊரை ஒட்டிய கரையேறவிட்ட குப்பம். பிறகு மன்னனும் மனம் மாறி, பாடலிபுரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான் என்கிறார் சேக்கிழார். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர். மரத்துக்கு இயல்பாக நடப்பது கட்டடத்துக்கு நடக்கும்போது அதில் கடப்பாரைச் சத்தமும் கேட்கிறது. அழிந்த பள்ளிகளின் புத்தகங்கள் என்னவாயின என்பதை யாரும் பாடவில்லை.

கரையேறிய ஊரில் நாவுக்கரசர் பாடிய திருவிருத்தப் பதிகம் ஓதுவார்களுக்கு மனப்பாடம். அதில் ஒரு வேண்டுகோள் வருகிறது: அடுத்த பிறவி மண்ணில் நெளியும் புழுவாகவே அமைந்தாலும் பரவாயில்லை, இறைவனின் நினைவு மட்டும் தப்பிவிடக்கூடாது. பக்தியின் உச்சம் என்று இதைச் சொல்லிவிட்டு நகர்வது வழக்கம். பாடியவரின் பழைய வேலையை நினைத்தால் வேறொன்றும் தெரியும். உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் தரம்பிரிப்பது சமணத்தின் அரிச்சுவடி. செடி கொடிக்குத் தொடுவுணர்வு ஒன்றே, புழுவுக்கு இரண்டு. தொல்காப்பியத்தின் மரபியலும் புல்லும் மரமும் ஓரறிவு, நத்தையும் சிப்பியும் இரண்டறிவு, கறையானும் எறும்பும் மூன்றறிவு என்று ஏணி வைக்கிறது. அந்த ஏணியை வருஷக்கணக்காகப் பாடம் சொன்ன மனிதர், அதன் அடிப்படிக்குப் பக்கத்தில் போய் நிற்கத் தயார் என்று பாடுகிறார். மாணிக்கவாசகரும் சிவபுராணத்தில் தம் பிறவிகளைப் புல்லிலிருந்து தொடங்கித்தான் எண்ணுகிறார். மக்கிய இலையைத் தின்னும் புழுவைக் கவிதைக்குள் அருவருப்பில்லாமல் கொண்டுவந்தது இந்தச் சிந்தனை மரபு.

ஊர்ப்பெயரின் பின்பாதியான புலியூர், வியாக்கிரபாதர் என்ற புலிக்கால் முனிவரைக் குறிக்கிறது. பெரும்பற்றப்புலியூரான சிதம்பரத்துக்கும் அவரே. உமாபதி சிவம் பாடிய கோயிற்புராணத்தில் அவர் கதை இருக்கிறது. பூசைக்கு வாடாத பூ வேண்டும். விடிந்தால் வண்டு எச்சில்படுத்திவிடும். இருட்டிலோ பனியில் நனைந்த மரத்தில் கால் வழுக்கும். ஆகவே புலியின் காலும் இருளில் தெரிகிற கண்ணும் கேட்டு வாங்கிக்கொண்டார் முனிவர். இந்த வேண்டுதல் வேடிக்கையானதுதான். வீடுபேறு கேட்கக்கூடிய இடத்தில் மரம் ஏற நகம் கேட்டிருக்கிறார். ஆனால் பூ வாடுவதற்கும் அதைப் பறிப்பதற்கும் இடையே இருக்கிற சில நாழிகைக்காக உடம்பையே மாற்றிக்கொள்ளத் துணிந்த ஒருவரின் பெயரில் ஒரே வட்டாரத்தில் இரண்டு ஊர்கள் நிற்கின்றன என்பது சாதாரணமில்லை.

இரண்டு புலியூருக்கும் ஆளுக்கொரு மரம். சிதம்பரத்துக்குத் தில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போது பாதிரியும் தில்லையும் சில அடிகள் இடைவெளியில் வந்துவிடுகின்றன. குணத்தில் இரண்டும் எதிரெதிர். பாதிரிக்கு மருந்து மதிப்பு. ஆயுர்வேதத்தின் தசமூலம் என்ற பத்து வேர்களில் ஒன்று அதனுடையது. வேரைத் தோண்டினால் மரம் தப்பாது, காட்டில் பாதிரி அரிதாகிப்போனதற்கு அரிட்டமும் லேகியமும் ஒரு காரணம். தில்லையை யாரும் தொட மாட்டார்கள். கிளையை ஒடித்தால் கொட்டும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உப்புநீர் ஏறி இறங்கும் சேற்றின் ஓரத்தில் வளர்வது அதன் வழக்கம். ஐங்குறுநூற்றின் நெய்தல் பாட்டொன்றில் அம்மூவனார் தில்லை வேலி சூழ்ந்த ஊரைக் காட்டுகிறார். மாட்டுக்கும் ஆளுக்கும் பயமூட்டுகிற வேலி. அந்த வேலிக்குள் இருந்தும் ஊர்ப்பேச்சுக்கு அடைப்பு இல்லை என்பது அந்தப் பாட்டின் குறும்பு.

தில்லையைப் பற்றிய மிகச் சிறந்த வரி புறநானூற்றில் 252ஆம் பாட்டில் இருக்கிறது, மாற்பித்தியார் பாடியது. ஒரு துறவி தாளி இலை பறித்துக்கொண்டிருக்கிறான். அருவியில் நனைந்து நனைந்து அவன் சடை நிறம் மாறிவிட்டது, தில்லையைப் போல. முன்னொரு காலத்தில் இவன் பேச்சையே வலையாக வீசிப் பெண்களைப் பிடித்த வேட்டைக்காரன் என்று சொல்லிப் பாட்டு நின்றுவிடுகிறது. ஐந்தே அடி. இளமை போனது, துறவு வந்தது என்றெல்லாம் விளக்கவில்லை. ஒரு மரத்தின் நிறம் போதுமாக இருந்தது. பிச்சாவரத்தில் தில்லையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும். உதிரப்போகிற இலைகள் செம்பு நிறத்துக்கு மாறி, பச்சை இலைகளுக்கு நடுவே தொங்கும். முதுமையும் இளமையும் ஒரே கிளையில் தெரிகிற மரம்.

சிதம்பரம் கோயிலைச் சுற்றித் தில்லைவனம் இருந்தது என்பதைப் பாட்டுகள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இன்று அந்த மரத்தைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே கிள்ளை தாண்டி, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரம் கழிமுகத்துக்குப் போக வேண்டும். ஆறுகள் கொட்டிய வண்டல் நிலத்தை உயர்த்தியது, உப்பங்கழி விலகியது, வீராணம் தண்ணீர் பாயும் பக்கமெல்லாம் நெல் வந்தது. எந்த மரத்தின் பெயரால் ஊர் அறியப்பட்டதோ அது வாழ முடியாத நன்னிலமாக ஊர் மாறிப்போனது. தேவாரம் தில்லை என்று பாடிய ஊரில் தில்லை இல்லாமல் போனதைச் சோகமாகச் சொல்வது எளிது. வயலில் விளைந்ததைச் சாப்பிட்டவர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்த வட்டாரத்திலேயே இன்னொரு கவிஞர், தேய்வும் தளிர்ப்பும் இயற்கையின் ஒழுங்கு என்ற பழைய சமாதானத்தை ஏற்க மறுத்தார். வள்ளலார் என்று அழைக்கப்படும் இராமலிங்க அடிகள் 1823இல் சிதம்பரத்துக்கு வடமேற்கே மருதூரில் பிறந்தவர். ஷெல்லியும் கீட்ஸும் மறைந்த சமயம் அது. சென்னையில் வளர்ந்து, பிறகு சிதம்பரம் பக்கம் திரும்பி, கருங்குழியில் பல ஆண்டுகள் தங்கினார். மழையில்லாமல் காய்ந்த பயிரைப் பார்த்தபோது தாமும் காய்ந்ததாக அவர் பாடியது தமிழில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. சங்கப் புலவன் காய்ந்த நிலத்தைப் பார்த்தால் பிரிவை நினைத்தான். நாவுக்கரசர் பிறவிச் சுழலை நினைத்தார். வள்ளலார் பசியை நினைத்தார். 1866இல் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் உணவுப் பஞ்சம். அடுத்த ஆண்டு, 1867 மே 23இல், வடலூர்ப் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் சத்திய தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

அவருடைய 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற உரைநடை நூலில் ஓரிடத்தில் பழைய ஏணி மறுபடி வருகிறது. புல்லும் நெல்லும் ஓரறிவு உயிர்கள் என்றால் அவற்றை உண்பதும் கொலைதானே என்ற கேள்வியை அவரே எழுப்பிக்கொள்கிறார். விதையில் உயிர் இன்னும் ஏறவில்லை, மண்ணும் நீரும் சேர்ந்த பிறகுதான் ஏறுகிறது. காயும் கனியும் இலையும் நமக்கு நகமும் மயிரும் போல, எடுத்தால் மரத்துக்கு வலி இல்லை என்று பதில் சொல்கிறார். தாவரவியல் இதை ஒப்புக்கொள்ளாது. ஆனால் உதிர்வதற்கும் கொல்வதற்கும் நடுவே ஒரு கோடு போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு கவிஞருக்குத் தோன்றியதே பெரிய விஷயம்.

மனிதன் சாக வேண்டியதில்லை என்பது அவருடைய கடைசிக் கால நிலைப்பாடு. மரணமில்லாத பெருவாழ்வு முடியும் என்றார். இறந்தவர்களை எரிக்கக்கூடாது, புதைக்க வேண்டும் என்று தம்மைச் சேர்ந்தவர்களுக்குச் சொன்னார். 1872 ஏப்ரலில் 1596 அடிகளில் அருட்பெருஞ்ஜோதி அகவலை எழுதினார். அதே ஆண்டு சனவரியில் வடலூர் ஞானசபை தொடங்கியிருந்தது. 1874 சனவரி 30இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சருகிலிருந்து துளிர் வரும் என்பதற்காகச் சருகாகச் சம்மதிக்க மாட்டேன் என்ற ஒரு பிடிவாதம் அவர் பாட்டு முழுக்க ஓடுகிறது. பாதிரி நிலத்திலிருந்து ஒருநாள் நடைத்தொலைவில் இப்படி ஒரு மறுப்பு பிறந்ததைத் தமிழ் இலக்கிய வரலாறுகள் சமயக் கணக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டன. கவிதைக் கணக்கிலும் எழுத வேண்டியது அது.

பிச்சாவரத்துச் சேற்றில் நடப்பதோ இதற்கு நேர்மாறான பாடம். சுமார் 1,100 எக்டேர் அலையாத்திக் காடு. எம்.ஜி.ஆர் நடித்த 'இதயக்கனி' 1975இல் வந்த பிறகு ஊருக்கு வெளியேயும் இது தெரியவந்தது. இங்கே உதிர்கிற இலை சும்மா கிடப்பதில்லை. நண்டுகள் இழுத்துப்போய்த் தின்கின்றன. மிச்சத்தைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் மென்மையாக்குகின்றன. அந்தத் துகள்களை இறால் குஞ்சும் சின்ன மீன்களும் தின்று வளர்கின்றன. கழியில் கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கிற இருளர் குடும்பங்களின் அன்றாட வரும்படி, போன மாதம் உதிர்ந்த இலையிலிருந்து தொடங்குகிறது. சுரபுன்னை இன்னும் அவசரக்காரி. விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீளக் காம்பாகத் தொங்கி, விழும்போதே நாற்றாக விழும். வெள்ளாற்று முகத்தில் பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இந்தக் காட்டைப் பல பத்தாண்டுகளாகப் படித்துவருகிறது.

இவ்வளவு உயிர்ப்புள்ள காடும் ஒருகட்டத்தில் தன்னைத்தானே மீட்டுக்கொள்ள முடியாமல் நின்றது. வெட்டினால் மறுபடி முளைக்கும் என்ற நம்பிக்கையில் ஆங்கிலேயர் காலத்தில் துண்டுதுண்டாகப் பிரித்து, முறைவைத்து மரத்தை அடியோடு வெட்டும் வழக்கம் வந்தது. 1970-கள் வரை அது நீடித்தது. மரம் போன இடத்தில் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமிழ்ந்தது. நடுவில் தட்டுப் போலக் குழிந்த நிலத்தில் கடல்நீர் தேங்கி, காய்ந்து, உப்பு ஏறியது. அந்த உப்பில் எந்த விதையும் பிடிக்கவில்லை. மாடு மேய்ந்ததும் விறகு வெட்டியதும்தான் காரணம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் மேல் பழி விழுந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இறங்கிப் பார்த்தபோதுதான், பழி வெட்டிய முறைக்கு உரியது என்று தெளிவானது.

வைத்தியம் எளிமையானதாக இருந்தது. பெரிய வாய்க்கால் ஒன்றும் அதிலிருந்து இருபுறமும் மீன்முள் மாதிரி கிளை வாய்க்கால்களும் வெட்டி, ஏற்றவற்றம் தடையில்லாமல் உள்ளே வந்து போகும்படி செய்தார்கள். தேங்கிய உப்பு கழுவிக்கொண்டு போனது. வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து வாய்க்கால் கரைகளில் பெரும்பாலும் வெண்கண்டலை நட்டார்கள். உப்பை அதிகம் தாங்குவது அதுதான். சில ஆண்டுகளில் காடு திரும்பியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவு என்று பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டே எழுதினார்கள். நிலத்தின் உயரமும் கடலிலிருந்து இருந்த தூரமும்தான் பெரிய காரணம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். விவாதம் தீர்ந்தபாடில்லை, ஆனால் கிள்ளைப் பக்கத்து மீனவர்களிடம் காட்டைக் காக்க வேண்டும் என்று அதன்பிறகு யாரும் போய்ப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

அந்த வாய்க்கால்கள் வண்டலால் தூர்ந்துவிடும் இயல்புடையவை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள் இறக்கித் தூர் அள்ளாவிட்டால் தண்ணீர் மறுபடி தேங்கும், உப்பு மறுபடி ஏறும். தானாக உதிர்ந்து தானாகத் தளிர்க்கும் காடு என்று அதைச் சங்கப் புலவர் பாடியிருக்கலாம். இப்போது அதற்கு மண்வெட்டியும் கூலியும் தேவைப்படுகின்றன.